கென்யாவில் ஒரு கிராம வாசிப்பறை: உழவர்களுக்கு என்ன வைப்பது?

ஏரிக்கரைத் தமிழன்:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு மதுரைப் பக்கம். ஆறு வருடமாக மேற்குக் கென்யாவில், கிசுமுவில் இருக்கிறேன், கணக்கு எழுதும் வேலை. விவசாயம் எனக்குத் தெரியாது, நூலகமும் தெரியாது, அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

எங்கள் அலுவலகத்தில் சமைக்கிற அம்மாவின் ஊர் ஹோமா பே கவுண்ட்டியில், விக்டோரியா ஏரிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே 24 பெண்கள் சேர்ந்து ஒரு சாமா நடத்துகிறார்கள். சாமா என்றால் நம்ம ஊர் மகளிர் குழு மாதிரிதான், வாராவாரம் காசு போட்டு, முறை வைத்து எடுத்துக்கொள்வார்கள். எல்லோருக்கும் ஒரு ஏக்கர், ஒன்றரை ஏக்கர் நிலம், மக்காச்சோளம்தான் பிரதானம். கூட்டம் போடும் தகரக் கூரை அறையில் ஒரு பக்கத்தை வாசிப்பறை ஆக்கலாம் என்று அவர்களே சொன்னார்கள். பிள்ளைகள் படிக்க ஓர் இடம், தங்களுக்கு விவசாய விஷயம் தெரிந்துகொள்ள ஓர் இடம் என்பது அவர்கள் ஆசை. எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போய், தெரிந்தவர்கள் மூலமாக நன்கொடைப் புத்தகத்துக்கு ஏற்பாடு செய்தேன்.

பன்னிரண்டு பெட்டி வந்தது. அத்தனையும் ஆங்கிலம். தடித்த நாவல்கள், இருபது வருடத்துக்கு முந்தைய கம்ப்யூட்டர் பாடநூல்கள், எந்த நாட்டுடையதோ ஒரு வரிச் சட்டம். முதல் வாரம் பிள்ளைகள் கூட்டமாக வந்து படம் இருக்கிற நாலைந்து புத்தகத்தைப் புரட்டினார்கள், மூன்றாவது வாரம் யாரும் வரவில்லை. பெண்களில் மூத்தவர் ஒருவர் எல்லாப் பெட்டியையும் பொறுமையாகப் பார்த்துவிட்டு என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இதில் கயோங்கோ பற்றி ஏதாவது இருக்கிறதா?" கயோங்கோ என்பது அவர்கள் வயலில் மக்காச்சோளத்தோடு முளைத்து அதைச் சாகடிக்கிற ஊதாப் பூச்செடி. பன்னிரண்டு பெட்டியிலும் அதைப் பற்றி ஒரு வரி கிடையாது. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அவர்கள் பேசுவது டோலுவோ. சுவாஹிலி எல்லோருக்கும் ஓரளவு புரியும், ஆங்கிலம் பள்ளி முடித்தவர்களுக்கு மட்டும். 24 பேரில் ஏழெட்டுப் பேருக்கு எழுத்தே தெரியாது. இந்த இடத்தில் என்ன வைக்கலாம், எப்படி நடத்தலாம்? மாதம் நாலாயிரம் ஷில்லிங் வரை என்னால் போட முடியும். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பெரம்பலூர் சோளக்காடு:

தம்பி, நான் வேளாண்மைத் துறையில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். முதலில் அந்த அம்மா கேட்டதற்குப் பதில் சொல்கிறேன்.

கயோங்கோ என்பது ஸ்ட்ரைகா. நம் ஊரில் கரும்பிலும் சோளத்திலும் வரும் சுடுமல்லி இதே இனத்துச் செடிதான். வேரோடு வேராக ஒட்டிக்கொண்டு பயிரின் சத்தை உறிஞ்சும். மண்ணுக்கு மேலே அது தலைகாட்டும்போது சேதம் பாதிக்கு மேல் முடிந்திருக்கும், அதனால் அப்போது பிடுங்கினால் இந்தப் போகத்துக்குப் பலன் இல்லை, ஆனாலும் பூக்கும் முன் பிடுங்கத்தான் வேண்டும், ஏனென்றால் ஒரே செடி 50,000 விதைக்கு மேல் போடும். தூசி மாதிரி இருக்கும் அந்த விதை, மண்ணுக்குள் 10 வருடத்துக்கு மேல் உயிரோடு காத்திருக்கும்.

உங்களுக்கு நல்ல செய்தி என்னவென்றால், இதற்கான வழி கண்டுபிடிக்கப்பட்டதே அந்தப் பெண்கள் இருக்கும் மாவட்டத்தில்தான். ஏரிக்கரையில் ம்பிட்டா என்று ஊர் இருக்கும், கேட்டுப் பாருங்கள். அங்கே இசிப்பே என்னும் பூச்சியியல் நிறுவனத்தின் ஆய்வு நிலையம் இருக்கிறது. தாமஸ் ஒடியாம்போ என்ற கென்ய அறிவியலாளர் 1970-ல் தொடங்கிய நிறுவனம் அது. அங்கே ஜியாவுர் கானும் அவரது குழுவினரும், இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் நிலையத்து ஜான் பிக்கெட்டும் சேர்ந்து 1990களில் ஒரு முறையைக் கொண்டுவந்தார்கள். 'தள்ளு இழு' என்று வைத்துக்கொள்ளுங்கள். மக்காச்சோள வரிசைகளுக்கு நடுவில் டெஸ்மோடியம் என்ற பயறுவகைத் தீவனச் செடி. அதன் வாசனை தண்டுத்துளைப்பான் அந்துப்பூச்சியைத் தள்ளும். வயலைச் சுற்றி நேப்பியர் புல். அது இழுக்கும். இருட்டத் தொடங்கிய முதல் ஒரு மணி நேரத்தில் நேப்பியர் வாசனையைப் பல மடங்கு கூடுதலாக விடுகிறது, பூச்சி முட்டையிட இடம் தேடும் நேரமும் அதுவே. அங்கே போய் முட்டை வைக்கும், பொரித்த புழு தண்டைத் துளைத்தால் பிசின் மாதிரிப் பால் சுரந்து பெரும்பாலான புழு செத்துப்போகும்.

தண்டுத்துளைப்பானுக்காகத்தான் டெஸ்மோடியம் போட்டார்கள். போட்ட இடத்தில் ஸ்ட்ரைகாவும் அடங்கியதைப் பிறகுதான் கவனித்தார்கள். அந்த வேரிலிருந்து வரும் பொருள்களில் ஒன்று ஸ்ட்ரைகா விதையை முளைக்கத் தூண்டுகிறது, இன்னொன்று முளைத்ததைப் பயிர் வேரில் ஒட்டவிடாமல் தடுக்கிறது. ஒட்ட முடியாத முளை செத்துவிடும். இப்படிப் போகத்துக்குப் போகம் மண்ணில் இருக்கும் விதை குறைந்துகொண்டே வரும். தழைச்சத்தும் சேரும், மாட்டுக்குத் தீவனமும் ஆகும், ஒருமுறை போட்டால் பல வருடம் நிற்கும்.

(நம்ம ஊர் வேலிமசால் என்று நினைத்துவிடாதீர்கள். அது டெஸ்மாந்தஸ், வேறு செடி. எங்கள் துறையிலேயே இந்தக் குழப்பத்தைப் பார்த்திருக்கிறேன்.)

படைப்புழுவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2016-ல் ஆப்பிரிக்காவுக்குள் வந்தது, 2018 மே மாதம் கர்நாடகத்தில் தென்பட்டது, அந்தப் பருவமே எங்கள் பெரம்பலூர் மக்காச்சோளத்தைச் சூறையாடியது. குருத்துக்குள் ஈர மரத்தூள் மாதிரி எச்சம் கிடக்கும், பிரித்துப் பார்த்தால் புழு. என்ன செய்வது என்று எங்களுக்கே தெரியாத நாட்களில், என் நிலத்துக்குப் பக்கத்து வயல்காரர் கண்ணீர் விட்டதை நான் மறக்கவில்லை. அதே வருடம் கென்யா, உகாண்டா, தான்சானியா வயல்களில் செய்த ஆய்வு ஒன்று வந்தது. வறட்சி தாங்கும் டெஸ்மோடியமும் நேப்பியருக்குப் பதில் பிராக்கியேரியா புல்லும் போட்ட வயல்களில், ஒரு செடிக்கு இருக்கும் புழு எண்ணிக்கை 80 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தது.

எனவே வாசிப்பறை பக்கத்திலேயே பத்தடிக்குப் பத்தடி இடம் இருந்தால் அதில் இதைப் போட்டுக் காட்டுங்கள். ஒரு பக்கம் டெஸ்மோடியம் உள்ள மக்காச்சோளம், மறுபக்கம் வெறும் மக்காச்சோளம். அட்டையில் எழுதி நடுங்கள். விதை விலை அதிகம், அதுதான் இந்த முறையில் உள்ள பெரிய தடை, ஆனால் கொடியை வெட்டி நட்டாலும் வரும், ஏற்கெனவே போட்டிருக்கும் விவசாயி யாராவது பக்கத்தில் நிச்சயம் இருப்பார்.

மாசாகா நினைவுகள்:

பெரம்பலூர் ஐயா சொன்ன செயல்விளக்கத் திட்டு அருமை. நான் நூலகப் பக்கத்தைச் சொல்கிறேன். தஞ்சாவூர்க்காரி, கல்லூரி நூலகர். கணவர் வேலைக்காக இரண்டு வருடம் உகாண்டாவில் மாசாகா நகரத்தில் இருந்தோம். பக்கத்தில் கிட்டெங்கேசா என்ற கிராமத்தில் ஒரு சமூக நூலகம் இருக்கிறது, அடிக்கடி போய் உட்கார்ந்திருப்பேன். நியூயார்க்கில் பேராசிரியராக இருந்த கேட் பாரியும் அந்த ஊர்ப் பள்ளித் தலைமை ஆசிரியரும் சேர்ந்து 1999-ல் ஒரு பெட்டிப் புத்தகத்தோடு தொடங்கியது. கட்டடமெல்லாம் அப்புறம் வந்தது.

அங்கே எனக்குப் பிடித்தது, 'நூலக மாணவர்' என்று சில பள்ளிப் பிள்ளைகளை வைத்திருப்பார்கள். அவர்கள் நூலகத்தில் வேலை செய்வார்கள், அதற்கு ஈடாக அவர்களது பள்ளிக் கட்டணத்தை நூலகம் கட்டும். உங்கள் நாலாயிரம் ஷில்லிங்கில் புதுப் புத்தகம் வாங்குவதைவிட இரண்டு பிள்ளைகளுக்கு இப்படிச் செய்வது பல மடங்கு பலன் தரும் என்பது என் கருத்து. எழுத்துத் தெரியாத அந்த ஏழெட்டுப் பேருக்கு அந்தப் பிள்ளைகள் உரக்க வாசித்துக் காட்டட்டும். ஒருவர் படிக்கப் பத்துப் பேர் கேட்டு, கேட்டவர்கள் நடுவில் குறுக்கிட்டு "அப்படி இல்லை, என் வயலில் வேறு மாதிரி" என்று சொல்வதும் வாசிப்புதான். திண்ணையில் பாரதம் படிக்கக் கேட்டு வளர்ந்த என் பாட்டிக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது, அதற்காக அவரை வாசகி இல்லை என்று நான் சொல்லமாட்டேன்.

நான் பார்த்தவரை அங்கே அதிகம் கைமாறியது லுகாண்டா நாளிதழ் புக்கெட்டே. புத்தகத்தைத் தொடக் கூச்சப்படுகிற ஆண்கள்கூட அதற்காக வருவார்கள். டோலுவோவில் உங்களுக்கு ஒரு வசதி உண்டு. லுவோ மக்களிடம் டோலுவோ பைபிளும் பாட்டுப் புத்தகமும் வீட்டுக்கு வீடு இருக்கும், பெரிய வயதுப் பெண்கள் பலர் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகியதே அதில்தான். ஆங்கிலத்தில் தடுமாறுகிற அதே அம்மா டோலுவோவில் சரளமாகப் படிப்பார். சோதித்துப் பாருங்கள்.

பிள்ளைகளுக்கு ஆப்பிரிக்கன் ஸ்டோரிபுக் தளத்தில் டோலுவோ, சுவாஹிலி உட்படப் பல ஆப்பிரிக்க மொழிகளில் கதைகள் இலவசமாகக் கிடைக்கும், அச்சடித்துக்கொள்ள அனுமதியும் உண்டு. பெங்களூரு பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவரும் அதே மாதிரிதான். கறுப்பு வெள்ளையில் அச்சடித்து நடுவில் தைத்தால் போதும். பெரியவர்களுக்கு, தான்சானியாவிலிருந்து 2011 முதல் வரும் ம்குலிமா ம்புனிஃபு என்ற சுவாஹிலி வேளாண் இதழ் இருக்கிறது, எளிய நடை.

வந்த பன்னிரண்டு பெட்டியில் தேறாததை வெளியே எடுத்துவிடுங்கள். மனசு வராது, தெரியும். ஆனால் யாருக்கும் பயன்படாத புத்தகம் நிறைந்த அலமாரியைப் பார்க்கிறவர்கள் "இது நமக்கான இடம் இல்லை" என்றுதான் முடிவு செய்வார்கள்.

களத்துமேடு:

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். விவசாயிக்கு ஏன் புத்தகம்? ஹோமா பேயில் எல்லார் வீட்டிலும் ரேடியோ இருக்கும், ரமோகி எஃப்எம் டோலுவோவிலேயே பேசுகிறது. கையில் போன் இருக்கிறது. புர்கினா ஃபாசோவில் யக்கூபா சவாடோகோ என்ன புத்தகம் படித்தார்? கோடையிலேயே கட்டாந்தரையில் குழி வெட்டி, எரு போட்டு, கரையான் வந்து மண்ணைத் துளைக்க விட்டு, மழைத் தண்ணீரைப் பிடித்து, பாலையாகிக்கொண்டிருந்த இடத்தில் கம்பும் சோளமும் காடும் வளர்த்தார். 'ஸாய்' என்ற பழைய முறையைத் தானே செய்துபார்த்து மேம்படுத்தினார். 1984 முதல் தன் நிலத்தில் சந்தை நாள் வைத்தார், சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் விதையோடு வருவார்கள், மாற்றிக்கொள்வார்கள், குழி எப்படி வெட்டுவது என்று பார்த்துப் போவார்கள். 2018-ல் ரைட் லைவ்லிஹுட் விருது கொடுத்தார்கள். 2023 டிசம்பரில் இறந்துபோனார். நிலத்தில் நின்று வாயால் சொல்லியே அந்த அறிவு பரவியது.

அந்தப் பெண்களைப் பக்கத்து ஊர் நல்ல விவசாயி வயலுக்கு வேன் வைத்துக் கூட்டிப்போங்கள். நாலாயிரத்தை அதற்குச் செலவழியுங்கள்.

ரேடியோவிலும் ஒரு எச்சரிக்கை உண்டு, அதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். ஜார்ஜ் அட்கின்ஸ் என்ற கனடா நாட்டு வானொலிக்காரர் 1975-ல் ஜாம்பியா போனபோது, ஆப்பிரிக்க நாட்டு ஒலிபரப்பாளர் ஒருவர் தன் நிகழ்ச்சியில் டிராக்டர் ஸ்பார்க் பிளக் பராமரிப்பு பற்றிப் பேசுவதாகச் சொன்னாராம். கேட்கிற விவசாயிகளில் டிராக்டர் வைத்திருந்தவர்கள் மிகச் சொற்பம். அந்த உறுத்தலில்தான் அவர் 1979-ல் சிறு விவசாயிகளுக்கான வானொலிக் குறிப்புகளை எழுதி அனுப்பத் தொடங்கினார், இன்றைய ஃபார்ம் ரேடியோ இன்டர்நேஷனல் அதுதான். உங்கள் பன்னிரண்டு பெட்டியைப் படித்ததும் எனக்கு அந்த ஸ்பார்க் பிளக்தான் நினைவுக்கு வந்தது.

ஏரிக்கரைத் தமிழன்:

எல்லோருக்கும் நன்றி. பெரம்பலூர் ஐயா எழுதியதைச் சுவாஹிலியில் சொல்லிக் காட்டினேன், அந்த மூத்த அம்மா இரண்டு முறை திரும்பச் சொல்லச் சொன்னார்.

களத்துமேடு அண்ணன் சொல்வதில் பாதி எனக்குச் சம்மதம், வயலுக்குக் கூட்டிப்போவது கண்டிப்பாகச் செய்கிறோம். ஆனால் வாசிப்பு வேண்டாம் என்பதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ரேடியோ ஒரு தடவை சொல்லும், அப்போது அவர்கள் தண்ணீர் எடுக்கப் போயிருப்பார்கள். மார்ச்சில் கேட்டது அக்டோபர் மழைக்கு விதைக்கும்போது நினைவில் இருக்காது. அதைவிட முக்கியமாக, போன பருவம் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். குழுவில் ஒருவர் படைப்புழுவுக்கு மருந்துக் கடையில் ஒரு புட்டி வாங்கினார். கடைக்காரர் மூடியால் ஏதோ அளவு சொன்னார். புட்டியில் எல்லாம் ஆங்கிலத்தில், எறும்பு சைஸ் எழுத்தில். அளவு கூடிப்போய், கைக்குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டே அடித்து, இரண்டு நாள் தாயும் பிள்ளையும் வாந்தி. புட்டியில் அபாயக் குறி இருந்தது, எத்தனை மில்லி என்று இருந்தது, எத்தனை நாளுக்கு அறுக்கக்கூடாது என்று இருந்தது. அவரால் படிக்க முடியவில்லை. ரேடியோ அந்த நேரத்தில் அவர் பக்கத்தில் இல்லை. இதை எழுதும்போதே எனக்குக் கை நடுங்குகிறது.

நியாசா கரை:

ஏரிக்கரைத் தமிழன், அந்தப் புட்டி விஷயத்துக்காகவே எழுதுகிறேன். நான் மலாவியில் ஒன்பது வருடம் ஆரம்பப் பள்ளிகளோடு வேலை பார்த்தவள்.

முதல் பாடமாகப் புட்டி லேபிளையே வையுங்கள். காலிப் புட்டி வேண்டாம், லேபிளைப் படம் எடுத்துப் பெரிதாக அச்சடியுங்கள். எண், மில்லி, குறியின் நிறம், முகமூடிப் படம். எழுத்துத் தெரியாதவர்களும் எண் படிப்பார்கள், பணம் எண்ணுகிறார்களே. அடுத்தது விதைப் பை. கென்யாவில் விதைப் பையில் ஒட்டியிருக்கும் சீட்டைச் சுரண்டி, உள்ளே இருக்கும் எண்ணை 1393-க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் விதை அசலா என்று பதில் வரும். போலி விதையில் ஒரு பருவம் போன வீட்டுக்கு இதைவிட அவசரமான வாசிப்பு எது?

மூன்றாவது, பூஞ்சை நஞ்சு. 2004-ல் கிழக்குக் கென்யாவில், மகுவேனி, கிட்டுய் பக்கம், ஈரத்தோடு சேமித்த மக்காச்சோளத்தில் அஃப்ளடாக்சின் ஏறி, 317 பேர் பாதிக்கப்பட்டு 125 பேர் இறந்தார்கள். வேகவைத்தாலும் போகாத நஞ்சு. மக்காச்சோளம் காய்ந்ததா என்று பார்க்க ஓர் எளிய வழி உண்டு. நன்றாக உலர்ந்த கண்ணாடிப் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு மணியும் கொஞ்சம் காய்ந்த உப்பும் போட்டு, மூடி, ஒரு நிமிடம் குலுக்கிச் சற்று வைத்துப் பாருங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல், இன்னும் காயவேண்டும். நாலு படத்தில் இதைச் சொல்லிவிடலாம்.

படம் என்றதும் ஒன்று. வில்லியம் கம்க்வாம்பா கதை பலருக்குத் தெரியும், 2001-02 பஞ்சத்தில் பள்ளிக் கட்டணம் கட்ட முடியாமல் நின்று, ஊர்ப் பள்ளியின் சின்ன நூலகத்தில் படித்துக் காற்றாலை கட்டிய மலாவிப் பையன். பலர் கவனிக்காதது, அவருக்கு அப்போது ஆங்கிலம் சரியாக வராது. படத்தைப் பார்த்து, படத்துக்கு அடியில் இருக்கும் சொல்லைப் பிடித்து, அதே சொல் பக்கத்தில் எங்கே வருகிறது என்று தேடித் தேடிப் புரிந்துகொண்டார். நான் பயிற்சி கொடுத்த ஆசிரியைகளிடம் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வேன்: படத்துக்குப் பக்கத்தில் ஒரே ஒரு சொல் பெரிதாக எழுதுங்கள், அந்தப் பெண்மணி அடுத்த மாதம் அந்தச் சொல்லை வேறு இடத்தில் பார்க்கும்போது அடையாளம் காண்பார்.

இன்னொன்று, அவர்களையே எழுதச் சொல்லுங்கள். உழவர் வயல்வெளிப் பள்ளிகளில் வாராவாரம் பயிரைப் பார்த்துப் பெரிய தாளில் செடியை வரைந்து, ஒரு பக்கம் தீமை செய்யும் பூச்சி, மறுபக்கம் நன்மை செய்யும் பூச்சி, கீழே மழை, களை எல்லாம் குறிப்பார்கள். அந்தத் தாள்களைச் சேர்த்துத் தையுங்கள். யாரும் வெளியிலிருந்து அனுப்பாத முதல் டோலுவோ வேளாண் புத்தகம் உங்கள் அலமாரியில் வந்துவிடும்.

களத்துமேடு:

புட்டி விஷயம் படித்தேன். அந்தத் தாயும் பிள்ளையும் இப்போது நலம்தானே? நான் வாசிப்பு வேண்டாம் என்றது அவசரம், திருத்திக்கொள்கிறேன். வயலுக்குப் போகும் வேன் செலவில் முதல் தடவைக்கு என் பங்கு இருக்கட்டும், தனிச்செய்தி அனுப்புங்கள்.

ஏரிக்கரைத் தமிழன்:

(இரண்டு மாதம் கழித்து)

இருவரும் நலம், அண்ணா. அந்த அம்மாதான் இப்போது லேபிள் அட்டையைப் பிடித்துக்கொண்டு மற்றவர்களுக்குக் காட்டுகிறார்.

ஒன்பது பெட்டியை நகரத்துக் கல்லூரி ஒன்றுக்குக் கொடுத்துவிட்டோம். ஒன்பதாம் வகுப்புப் பெண்பிள்ளைகள் இரண்டு பேர் வியாழன் மாலையும் சந்தை இல்லாத சனிக்கிழமையும் வந்து வாசிக்கிறார்கள். ஒரு மணி நேரம் பெரியவர்களுக்கு, ஒரு மணி நேரம் குழந்தைகளுக்கு. தைத்த கதைப் புத்தகம் 31 ஆகியிருக்கிறது. மாசாகா அக்கா சொன்னது சரி, டோலுவோவில் இருந்தால் வீட்டுக்கு எடுத்துப் போகிறார்கள், திருப்பித் தருகிறார்கள், ஓரத்தில் கறியின் எண்ணெய் இருக்கும், அதைப் பார்த்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. ம்பிட்டா பக்கம் ஒரு விவசாயி வயலுக்கு 19 பேர் போய்வந்தோம், அவரே மூன்று கட்டு டெஸ்மோடியம் கொடி கொடுத்தார். திட்டில் நட்டதில் முக்கால்வாசி பிடித்துக்கொண்டது. ஆடு ஒன்று புகுந்து கொஞ்சம் தின்றுவிட்டது, இப்போது வேலி போட்டிருக்கிறார்கள்.

முதல் தாளும் வரைந்தாயிற்று. மூத்த அம்மா கயோங்கோவை வேரோடு வரைந்திருக்கிறார், மக்காச்சோள வேரில் அது எங்கே ஒட்டுகிறது என்பதை ஒரு செடியைக் கழுவிப் பார்த்து வரைந்தது. பக்கத்தில் டெஸ்மோடியம் வேர். அதில் ஒட்டாமல் கருகின முளைகளைச் சின்னச் சின்னப் புள்ளியாக வைத்திருக்கிறார், அது கண்ணுக்குத் தெரியாதது என்பதால் நான் சொன்னதை வைத்து வரைந்தார். பெரம்பலூர் ஐயா, அந்த இடம் மட்டும் சரியா என்று பார்த்துச் சொல்ல முடியுமா? படத்தை இணைத்திருக்கிறேன். வரும் வியாழன் அதைச் சுவரில் ஒட்டுகிறோம்.